குற்றம் சாட்டப்பட்டவரே தன்னை நிரூபிக்க வேண்டுமா? ஊடக அழுத்தமும் குற்றமின்மை அனுமானமும்

அகல்விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

ஒருவர் மீது குற்றச்சாட்டு எழும் நாளுக்கும் அதைப் பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லும் நாளுக்கும் இடையில் சில மாதங்களோ பல ஆண்டுகளோ கழிகின்றன. அந்த இடைக்காலத்தில் அவரை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றி நிதானமாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். சட்டத்தில் இதற்குக் குற்றமின்மை அனுமானம் என்ற விடை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆவது உறுப்பு, பகிரங்க விசாரணையில் சட்டப்படி குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குற்றமற்றவராகக் கருதப்படும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. நடைமுறையில் அந்த உரிமை நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே என் கவலை.

எனக்கு மறக்க முடியாத நிகழ்வு ரிச்சர்ட் ஜூவலுடையது. 1996 ஜூலை 27 அதிகாலையில், அமெரிக்காவின் அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் தனியார் காவலராகப் பணியில் இருந்த அவர், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையைக் கண்டு காவல்துறைக்குத் தகவல் சொல்லி, அருகில் இருந்தவர்களை அப்புறப்படுத்தத் தொடங்கினார். குண்டு வெடித்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், அவர் முன்கூட்டியே கவனித்ததால் பலர் பிழைத்தார்கள். மூன்றே நாட்களில், எஃப்.பி.ஐ. சந்தேகிப்பது அவரைத்தான் என்று உள்ளூர் நாளிதழ் அவர் பெயரோடு வெளியிட்டது. அதே நாளில் புலனாய்வு அதிகாரிகள் பயிற்சிக்கான ஒளிப்பதிவு எடுக்கப் போவதாகச் சொல்லி அவரை அழைத்துச் சென்று, தன் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்க முயன்றார்கள். அவர் தாயுடன் வசித்த குடியிருப்பின் எதிரே கேமராக்கள் வரிசைகட்டி நின்றன. 88 நாட்கள் கழித்து, அவர் விசாரணை வளையத்தில் இல்லை என்று அரசு வழக்கறிஞர் ஒரு கடிதம் கொடுத்தார். உண்மையில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2003இல்தான் பிடிபட்டார். 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூவல் 2007இல் தம் 44ஆம் வயதில் இறந்துபோனார்.

இந்தக் கதையில் நீதிமன்றம் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் கைது செய்யப்படவும் இல்லை. ஆனாலும் அந்த 88 நாட்களில் அவர் அனுபவித்ததைத் தண்டனை அல்ல என்று யாராவது சொல்ல முடியுமா? குற்றம் சாட்டியவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி, குற்றம் சாட்டப்பட்டவர் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்று எந்த இடத்தில், யாருடைய கையால் புரட்டப்படுகிறது? நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

கடலோடி

நல்ல தொடக்கம். விவாதத்துக்குள் போகும் முன்பு, இந்த அனுமானம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நீதிமன்றங்களில் நீண்ட காலம் வாதாடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொதுவெளியில் இந்தக் கோட்பாடு பெரும்பாலும் தவறாகவே மேற்கோள் காட்டப்படுகிறது.

குற்றமின்மை அனுமானம் என்பது "இவர் இதைச் செய்திருக்க மாட்டார்" என்ற நம்பிக்கை அன்று. மெய்ப்பிக்கும் சுமை யாருடையது, எந்த அளவுக்கு மெய்ப்பிக்க வேண்டும், ஐயம் மீதமிருந்தால் அதன் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பவற்றுக்கான விதி அது. அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1935இல் உல்மிங்டன் வழக்கில் இதைத்தான் உறுதி செய்தது. மனைவியைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்த இளைஞர், துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றார். தற்செயல் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்று விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குச் சொல்லிவிட்டார். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. அந்தச் சபையில் தீர்ப்புரைத்த சாங்கி பிரபு அதை ரத்து செய்து, சிறைவாசியின் குற்றத்தை மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை, அந்தக் கடமை இங்கிலாந்தின் குற்றவியல் சட்டம் முழுவதும் ஓடும் பொன்னிழை என்றார்.

இவ்வளவு கடுமையான விதி ஏன் தேவைப்பட்டது என்றால், எதிரெதிரே நிற்கும் இரண்டு தரப்பும் சமபலம் கொண்டவை அல்ல என்பதால்தான். ஒரு பக்கம் காவல்துறை, தடயவியல் கூடம், அரசு வழக்கறிஞர், சிறைச்சாலை. மறுபக்கம் தனியொரு மனிதர். அத்துடன், ஒரு செயலைச் செய்ததற்கு ஆதாரம் இருக்கக்கூடும். செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் பெரும்பாலும் இருப்பதே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், குற்றமற்றவரிடம்தான் விடை இருக்காது.

மைத்துளி

அகல்விளக்கு அவர்கள் கேட்ட கேள்விக்கு, அந்தப் புரட்டல் நிகழும் இடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் துணை ஆசிரியராக இருந்தேன்.

மாலை ஐந்தரை மணிக்குச் செய்தியாளரின் பிரதி வருகிறது. அதில் "இது தொடர்பாக ஒருவரிடம் விசாரணை நடைபெற்று வருகிறது" என்று எழுதியிருக்கும். முதல் பதிப்பின் தலைப்பு "ஒருவரிடம் விசாரணை" என்று போகும். ஒன்பது மணிக்குப் போட்டித் தொலைக்காட்சியில் அவருடைய புகைப்படம் வந்துவிடுகிறது. இரண்டாம் பதிப்பில் பெயர் ஏறுகிறது. நகரப் பதிப்பு போகும் வேளையில் தலைப்பு "சிக்கினார்" என்று மாறியிருக்கும். ஐந்தரை மணிக்கும் நள்ளிரவுக்கும் நடுவே புதிய சான்று ஒன்றுகூட வரவில்லை. வந்தது போட்டி மட்டுமே.

மறுநாள் காலைக் கூட்டத்தில் "இன்றைக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது" என்ற கேள்வி எழும். வழக்கில் புதிதாக எதுவும் இருக்காது. புலனாய்வு அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. ஆகவே அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், பழைய முதலாளி, பிரிந்துபோன மனைவி, படித்த பள்ளி என்று செய்தி பக்கவாட்டில் படரத் தொடங்கும். "எப்போதும் தனியாகவே இருப்பார்", "யாரிடமும் பேச மாட்டார்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னவை எல்லாம் சான்றுகளின் தோற்றத்தைப் பெறும். கைது நடந்திராவிட்டால் இதே சொற்கள் "அமைதியானவர்" என்று அச்சேறியிருக்கும்.

இவற்றுக்கு ஊற்றுக்கண் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். "காவல்துறை வட்டாரங்கள்" என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எப்போதும் பெயரும் பதவியும் உள்ள ஓர் அதிகாரி இருக்கிறார். அவருக்கு மேலதிகாரியின் நெருக்கடி இருக்கிறது. மேலதிகாரிக்கு அமைச்சரின் நெருக்கடி இருக்கிறது. அமைச்சருக்கு எங்கள் தலைப்புகளே நெருக்கடி. வழக்கு முடிந்துவிட்டது என்ற தோற்றத்தை ஏற்படுத்த ஒரு பெயர் தேவைப்படுகிறது. அந்தப் பெயரை அவர்கள் எங்களுக்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் அதை அச்சிடுகிறோம். அச்சில் வந்ததைப் பார்த்து அவர்களுக்கே தங்கள் சந்தேகம் உறுதிப்படுகிறது. அதன் பிறகு வேறு கோணத்தில் தேடுவதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.

வெண்பலகை

மூவரும் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் புகார் கொடுக்க வரும் பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வருவது என் வேலை. ஆகவே எனக்கு இங்கே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

"பொய்க் குற்றச்சாட்டு" என்ற சொல் இது போன்ற விவாதங்களுக்குள் எவ்வளவு எளிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று பாருங்கள். கடலோடி ஐயா சொன்னபடி, இந்த அனுமானம் மெய்ப்பிக்கும் சுமையைப் பற்றிய விதி. ஆனால் பொதுவெளியில் அது "குற்றம் சாட்டியவள் பொய் சொல்கிறாள்" என்ற அனுமானமாக உருமாறிவிடுகிறது. ஒருவர் விடுதலை ஆனால், புகார் கொடுத்தவர் பொய்யர் என்று தீர்ப்பு வந்துவிட்டதாகவே எழுதுகிறார்கள். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் மெய்ப்பிக்க முடியவில்லை என்பதும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதும் வேறு வேறு. முதலாவதைத்தான் நீதிமன்றம் சொல்கிறது. பொய்ப் புகார் கொடுப்பதும் ஒரு குற்றம்தான். அந்தக் குற்றத்தைச் செய்ததாகச் சாட்டப்படும் பெண்ணுக்கும் அதே குற்றமின்மை அனுமானம் உண்டு என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

இன்னொன்று. சில வழக்குகளில் ஊடக அழுத்தம் இல்லாவிட்டால் முதல் தகவல் அறிக்கையே பதிவாகியிருக்காது. வாரக்கணக்கில் வாங்கப்படாமல் இருந்த புகார், ஒரு தொலைக்காட்சியில் செய்தி வந்த அன்று மாலையே வாங்கப்பட்டதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அழுத்தம் தீயது என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டால், ஏற்கெனவே அதிகாரம் உள்ளவர்களுக்கே அது கவசமாகும்.

கடலோடி

வெண்பலகை அவர்களின் ஆட்சேபம் முழுவதும் சரியானது, அதை நான் ஏற்கிறேன். அதனால்தான் "பொய்" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் திணித்து வைத்திருக்கும் வெவ்வேறு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். வேண்டுமென்றே புனையப்படும் குற்றச்சாட்டு ஒருவகை. குற்றம் உண்மையாகவே நடந்திருக்க, ஆள் மாறிப்போவது வேறொரு வகை. இதில் பாதிக்கப்பட்டவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. குற்றமே நடக்காத ஒன்றைக் குற்றம் என்று அதிகாரிகளே முடிவு கட்டிவிடுவது இன்னொரு வகை.

நியூயார்க் சென்ட்ரல் பூங்கா வழக்கு ஆள் மாறிப்போன வகையைச் சேர்ந்தது. 1989இல் அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார்; அது மறுக்க முடியாத உண்மை. 14 முதல் 16 வயதுக்கு உட்பட்ட ஐந்து சிறுவர்கள் பிடிக்கப்பட்டார்கள், நீண்ட நேர விசாரணைக்குப் பிறகு "ஒப்புக்கொண்டார்கள்". தீர்ப்புக்கு நெடுநாள் முன்பே, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. 2002இல் வேறொருவர் தானே அதைச் செய்ததாகச் சொன்னார். மரபணுச் சோதனையும் அவரையே காட்டியது. ஐவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. 2014இல் நகர நிர்வாகம் 4.1 கோடி டாலர் கொடுத்து அவர்களின் வழக்கை முடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதியும் இதில் இருக்கிறது: உண்மைக் குற்றவாளி வெளியில் திரிந்து, அதே கோடையில் வேறு பெண்களையும் தாக்கினார், ஒருவரைக் கொன்றார். தவறான ஆளைப் பிடிப்பது பாதிக்கப்பட்டவர்களுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

அகல்விளக்கு

கடலோடி அவர்கள் சொன்ன கடைசி வகைக்கு ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லின் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1980 ஆகஸ்டில் உளுரு பாறையருகே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிச் சென்றது. அவர் அதைத்தான் முதல் நிமிடத்திலிருந்தே சொன்னார். முதல் மரண விசாரணையும் 1981இல் அவ்வாறே முடிவு செய்தது. ஆனால் அவர் தொலைக்காட்சியில் போதுமான அளவு அழவில்லை என்று நாடே பேசியது. அவருடைய மதம், உடை, முகபாவம் எல்லாம் ஆராயப்பட்டன. 1982இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவர் மீண்டும் கருவுற்றிருந்தார்.

அந்த வழக்கின் அறிவியல் சான்று எது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் காரில், முன்பக்கப் பலகைக்குக் கீழே, சிறு துளிகளாகத் தெறித்துக் காய்ந்த ஒரு படலம் இருந்தது. அது பச்சிளம் குழந்தையின் இரத்தம் என்று நிபுணர் சாட்சியம் சொன்னார். பின்னர் நடந்த அரச ஆணைய விசாரணையில் அது என்னவென்று தெரியவந்தது: கார் தயாரிக்கும்போது சத்தத்தைக் குறைக்கத் தெளிக்கும் ரசாயனப் பூச்சு. ஒரு தாயைக் கொலைகாரி ஆக்கிய துளிகள் தொழிற்சாலையிலேயே விழுந்தவை. 1986 பிப்ரவரியில், குழந்தை அணிந்திருந்ததாக அவர் சொல்லி யாரும் நம்பாத அந்தச் சிறு மேற்சட்டை, டிங்கோக்கள் வாழும் பகுதியில் கிடைத்தது. சில நாட்களில் அவர் விடுதலை செய்யப்பட்டார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. குழந்தையின் இறப்புக்கு டிங்கோவே காரணம் என்று 2012இல்தான் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று.

நிபுணர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவள்தான் கொன்றிருப்பாள் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்ட பிறகு சோதனைக்கூடத்துக்குள் நுழைந்த தடயம் அது. எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்தவர்களின் கண்ணுக்கு அது தென்பட்டது.

நெடுவழி

ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். இதுவரை ஊடகம் ஒரே பாத்திரத்தில்தான் வந்திருக்கிறது. குற்றமற்றவர்களை மீட்டதும் பல சமயங்களில் ஊடகமே.

1974ஆம் ஆண்டின் பர்மிங்காம் மதுக்கூடக் குண்டுவெடிப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேர், 16 ஆண்டுகள் சிறையில் கழித்து 1991இல் வெளியே வந்தார்கள்; தொலைக்காட்சிப் புலனாய்வுச் செய்தியாளர்கள் அந்த வழக்கை விடாமல் தோண்டாதிருந்தால் அது நடந்திருக்காது. பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் விவகாரமும் அப்படித்தான். கணினி காட்டிய பற்றாக்குறையை மட்டுமே நம்பி, 1999க்குப் பிறகு 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் அதிகாரிகள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாகவே இயங்குகிறது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும் விதி அங்கே இருந்தது. அதைப் பொய்ப்பிக்கும் தரவுகள் அனைத்தும் குற்றம் சாட்டிய நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. மனிதருக்கு உரிய அனுமானத்தை இயந்திரத்துக்கு உரிய அனுமானம் விழுங்கிவிட்டது. 2009இல் இதை முதலில் வெளிக்கொண்டு வந்தது ஒரு கணினித் துறை வார இதழ். 2024 தொடக்கத்தில் தொலைக்காட்சியில் வந்த நாடகத் தொடர் மக்களைக் கொதிக்க வைத்த பிறகே, தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

ஆகவே காவல்துறையின் கைதுகளைப் பற்றி எழுதவே கூடாது என்ற திசையில் இந்த இழை போனால் நான் கடுமையாக எதிர்ப்பேன். பெயர் தெரியாமல் ஆட்கள் காவலில் வைக்கப்படும் இடங்களில் என்ன நடக்கும் என்பதை வரலாறு நமக்குச் சொல்லியிருக்கிறது. கைதைப் பகிரங்கப்படுத்துவது, கைதானவருக்கே ஒரு பாதுகாப்பு.

மைத்துளி

நெடுவழி அவர்களே, நீங்கள் சொன்ன இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் செய்தியாளர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் அரசுத் தரப்பின் சான்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். நான் குறை சொல்லும் செய்தி அரசுத் தரப்பு சொன்னதை அப்படியே எடுத்துக் கொடுப்பது. இரண்டையும் ஊடகம் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். தொழில் என்ற அளவில் இரண்டும் எதிரெதிரானவை.

எழுதவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. எதை, எப்போது, எந்த அளவுக்கு என்பதைப் பற்றி வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு விதிகளை வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, கைது நடந்த கணத்திலிருந்து வழக்கு நடப்பில் உள்ளதாகக் கருதப்படும். விசாரணைக்குக் கடுமையான ஊறு விளைவிக்கக்கூடியதை வெளியிட்டால், கெட்ட நோக்கம் இல்லாவிட்டாலும் குற்றமே. அப்படியிருந்தும் 2010 டிசம்பரில் பிரிஸ்டலில் ஓர் இளம்பெண் கொலையானபோது, அவருடைய வீட்டு உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் கிறிஸ்டோபர் ஜெஃப்ரிஸ் கைதானதும் நாளிதழ்கள் அவருடைய தலைமுடியை வைத்தே அவரைக் கொலைகாரராக்கின. உண்மையான கொலையாளி அண்டை வீட்டில் குடியிருந்த வேறொருவர், 2011இல் தண்டிக்கப்பட்டார். ஜெஃப்ரிஸுக்கு எட்டு நாளிதழ்கள் அவதூறுக்கு இழப்பீடு கொடுத்தன. அவற்றில் இரண்டுக்கு அவமதிப்புக்காக 50,000 பவுண்டும் 18,000 பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த நாளிதழ்களின் ஒரு நாள் விற்பனைக்கு முன்னால் அந்த அபராதம் எம்மாத்திரம்?

அதன் பின்னர் 2022இல், குற்றச்சாட்டு முறையாகப் பதியப்படும் வரை புலனாய்வுக்கு உட்பட்டவர் தம் பெயர் வெளிவராது என்று நியாயமாக எதிர்பார்க்கலாம் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதற்கு முன்பே, 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு அதிகாரிகளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் விதித்திருந்தது: தீர்ப்புக்கு முன் ஒருவரைக் குற்றவாளி என்று பகிரங்கமாகக் குறிப்பிடக் கூடாது, அவசியமின்றிக் கைவிலங்குடன் பொதுமக்கள் முன் நிறுத்தவும் கூடாது. இந்த இரண்டாவது மிகவும் பயனுள்ளது என்பது என் அனுபவம். முகத்தைத் துண்டால் மூடி, இரண்டு காவலர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் வந்துவிட்டால், அதற்குக் கீழே என்ன எழுதினாலும் யாரும் படிப்பதில்லை.

கடலோடி

மைத்துளி அவர்கள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தியச் சட்டத்தில் காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம், கொடுத்தவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "கொலையை ஒப்புக்கொண்டார்" என்ற தலைப்பை நாம் வாரந்தோறும் படிக்கிறோம். நீதிமன்றம் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாத ஒன்றை நாடு முழுவதும் முதல் சான்றாகப் படித்துவிடுகிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், நடப்பு வழக்குகளில் ஊடகங்கள் தவிர்க்க வேண்டியவை என்று சொன்னவற்றில் இதுவும் ஒன்று. சாட்சிகளைப் பேட்டி காண்பதும் குற்றம் நடந்த விதத்தை நடித்துக் காட்டுவதும் அந்த வரிசையில் இருந்தன.

தாழ்வாரம்

பொதுவாகப் படித்துவிட்டுப் போவதோடு சரி. இரண்டு வரி மட்டும். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் கூடிய சாதாரண மக்களே புகைப்படங்களை ஒப்பிட்டு, காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அவரைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசைகள் குவிந்தன. குண்டுவெடிப்பு நடக்கும் முன்பே அந்த மாணவர் இறந்துபோயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது பகிர்பவர் ஒவ்வொருவரும் ஆசிரியர்தான். ஆனால் எந்த அவமதிப்புச் சட்டமும் லட்சக்கணக்கானோருக்கு அபராதம் போட முடியாது.

வெண்பலகை

தாழ்வாரம் சொன்ன அந்தக் குடும்பத்தை நினைக்கும்போது ஜப்பானின் யோஷியுகி கோனோ நினைவுக்கு வருகிறார். 1994 ஜூன் 27 இரவு, மட்சுமோட்டோ நகரில் சாரின் நச்சுவாயு பரப்பப்பட்டது. ஆம்புலன்ஸை முதலில் அழைத்தவர் அவர். தம் மனைவி மூச்சுத் திணறி விழுந்ததைப் பார்த்து அழைத்தார். அவருடைய வீட்டில் சில ரசாயனங்கள் இருந்தன என்பதை வைத்துச் சந்தேகம் அவர் மீது திரும்பியது. அவரும் நஞ்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோதே ஊடகங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் அதே சாரின் தாக்குதல் நடந்த பிறகுதான், ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவே இரண்டுக்கும் காரணம் என்று தெரிந்து, நாளிதழ்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. நினைவு திரும்பாமலே இருந்த அவர் மனைவி 2008இல் இறந்தார்.

நான் முதலில் எழுதியதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டும்: கோனோ பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிய இரண்டும் ஒருசேர. என்னிடம் வரும் பெண்களுக்கு நான் கேட்பதும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியதும் ஒன்றுதான்: சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, உண்மையா என்று முறையாக ஆராய்வது, அதுவரை யாருடைய முகத்தையும் வாழ்க்கையையும் வீதியில் இழுத்துப் போடாமல் இருப்பது. புகார் கொடுத்தவளின் பழைய புகைப்படங்களைத் தோண்டி எடுக்கும் கையும் கைதானவரின் பழைய காதலைத் தோண்டி எடுக்கும் கையும் ஒரே கைதான்.

நெடுவழி

ஏற்கிறேன். கைதைப் பதிவு செய்வதையும் கைதானவரின் வாழ்க்கையைத் தோண்டுவதையும் நான் ஒன்றாகக் கட்டிப் பேசிவிட்டேனோ என்று யாரும் எண்ண வேண்டாம். முதலாவதை மட்டுமே நான் காக்க விரும்புகிறேன். ஆனால் முறையாகக் குற்றச்சாட்டு பதியும் வரை பெயரே வரக் கூடாது என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. புலனாய்வை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் அதிகார அமைப்புகளில், செல்வாக்கு உள்ளவரின் பெயர் என்றென்றைக்கும் வராமலே போய்விடும்.

அகல்விளக்கு

எல்லோருக்கும் நன்றி. பரிகாரத்தைப் பற்றிப் பேசாமல் இதை விட முடியாது. ஏனென்றால் "தவறாக எழுதினால் அவதூறு வழக்குப் போடலாமே" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

நம்பி நாராயணன் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரோவில் திரவ எரிபொருள் எந்திரங்களை உருவாக்கியவர்களில் ஒருவர். 1994 நவம்பரில் உளவு பார்த்ததாகக் கைதானார். நாளிதழ்களில் நாள்தோறும் ஒரு தொடர்கதை போல அது ஓடியது. குற்றச்சாட்டு பொய்யானது என்று மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் அறிக்கை கொடுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணை முயற்சியையும் ரத்து செய்தது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது 2018 செப்டம்பரில். கைதுக்கும் அந்த உத்தரவுக்கும் இடையில் ஏறத்தாழ 24 ஆண்டுகள். இழப்பீடு கொடுத்தது அரசு. தொடர்கதை எழுதியவர்கள் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

ஜூவல் தொடுத்த அவதூறு வழக்கின் முடிவு இன்னும் ஆழமானது. சில பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அவருடன் சமரசம் செய்துகொண்டன. முதலில் பெயரை வெளியிட்ட நாளிதழ் மட்டும் மறுத்துக் கடைசி வரை வழக்காடியது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2011இல், ஜார்ஜியா மேல்முறையீட்டு நீதிமன்றம் நாளிதழின் பக்கம் தீர்ப்பளித்தது. வெளியான நேரத்தில் அச்செய்தி சாராம்சத்தில் உண்மை என்பது காரணம்: புலனாய்வாளர்கள் அவரைச் சந்தேகித்தார்கள், நாளிதழும் அதைத்தான் எழுதியது. சந்தேகம் தவறு, சந்தேகித்தார்கள் என்ற செய்தி தவறில்லை. சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கண்டுகொள்வதில்லை, ஒரு மனிதரின் வாழ்க்கை சிதைந்தது அந்த இடைவெளியில்தான்.

மைத்துளி

அதனால்தான் பரிகாரத்தை வழக்கில் தேடாமல் வேலைமுறையில் தேட வேண்டும் என்கிறேன். கைதை முதல் பக்கத்தில் போட்ட நாளிதழ், விடுதலையையும் முதல் பக்கத்தில் போட வேண்டும். பழைய செய்தி இணையத்தில் இருக்கும் வரை, அதன் தலைப்புக்கு மேலேயே "இவர் விடுவிக்கப்பட்டார்" என்ற குறிப்பு தேதியுடன் இருக்க வேண்டும். யாருடைய பெயரையாவது கைதுச் செய்தியில் போட்டால், அந்த வழக்கு எந்த நாளில் எந்த நிலைக்கு வருகிறது என்று பின்தொடர ஒரு பதிவேடு செய்திப் பிரிவில் இருக்க வேண்டும். நெடுவழி அவர்களின் கவலைக்கும் இதில் விடை இருக்கிறது: பெயரைப் போட விரும்பும் ஆசிரியர் அந்த வழக்கைக் கடைசி வரை சுமக்க வேண்டும் என்றால், எந்தப் பெயரைப் போடுவது பொதுநலன் என்று அவரே இரண்டு முறை யோசிப்பார்.

கடலோடி

பதிவேடு நல்ல யோசனை. ஆனால் பதிவு செய்வதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டுமே. விசாரணைக்கு அழைக்கப்பட்டு, பெயர் வெளியாகி, குற்றப்பத்திரிகையில் சேர்க்கப்படாமலும், சந்தேகம் நீங்கியது என்று யாரும் சொல்லாமலும் விடப்படுபவர்களே என் அனுபவத்தில் அதிகம். அவர்களுக்கு விடுதலைத் தீர்ப்பு கிடையாது, ஏனெனில் வழக்கே கிடையாது. ஜூவலுக்குக் கிடைத்த கடிதம் மிக அரிதானது. அதுவும் அவருடைய வழக்கறிஞர்கள் விடாமல் போராடியதால் வந்தது. ஒருவரைச் சந்தேகிப்பதாகப் பெயர் கசிந்த பிறகு, அந்தச் சந்தேகத்தைக் கைவிடும்போது எழுத்தில் அறிவிப்பது புலனாய்வு அமைப்பின் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு கால வரம்பும் வேண்டும்.

வெண்பலகை

அந்தக் கடிதத்தின் நகல் புகார் கொடுத்தவருக்கும், ஏன் கைவிடப்பட்டது என்ற காரணத்துடன், போக வேண்டும். அவ்வாறானால் நான் இதை முழுமனதாக ஆதரிக்கிறேன்.